பொன்னுருக்குச் சட்டியில் மீன்வால் குதிரை

லண்டன் கிங்ஸ்பரியில் வசிக்கும் என் சித்தப்பா கணேசலிங்கம், பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஞாயிறுதோறும் உலோகம் தேடும் கருவியோடு கென்ற் பக்கத்து வயல்களுக்குப் போவார். பல ஆண்டுகளாகப் பொத்தான்களும் ஆணிகளுமே அகப்பட்டன. கடந்த மாசியில் ஒரு பொன் காதணி அகப்பட்டது. ரோமர் காலத்தது. முன்பாதி குதிரை, பின்பாதி சுருண்ட மீன்வால்.

காணிக்காரருக்கும் அருங்காட்சியகத்துக்கும் அன்றே படத்துடன் அறிவித்தார். கழுவாமல், அடுத்த திங்கட்கிழமை கொண்டுவரும்படி அங்கிருந்த அதிகாரி பதில் அனுப்பினார். அதுவரை வைத்திருக்கச் சுவரிலிருந்த சாமித்தட்டைவிடப் பத்திரமான இடம் சித்தப்பாவுக்குத் தோன்றவில்லை. ரிஷூக் கடதாசியில் சுற்றிப் பிள்ளையாருக்குப் பின்னால் வைத்தார். கதை பரவிவிடும் என்று வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை, மகன் நிசாந்தனுக்கும் மயூராவுக்கும் நடக்கவிருந்த திருமணத்துக்கான பொன்னுருக்கு. தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் சாமிக்கு முன் வைத்தெடுத்து, நல்ல நேரத்தில் நகை செய்யும் பத்தரைக் கொண்டு உருக்குவது எங்கள் வழக்கம். சித்தி சிவனேஸ்வரி ஒரு பவுண் பொற்காசைச் சாமித்தட்டில் வைத்திருந்தார். அதை எடுக்கையில் காதணியையும் கண்டார். கணவர் தம் பங்குக்கு இரகசியமாக வாங்கி வைத்தது என்று மகிழ்ந்து, இரண்டையும் வெற்றிலைத் தட்டில் வைத்துப் பத்தரிடம் கொடுத்தார்.

வாழைப்பழம் வாங்க வெம்பிளிக்குப் போயிருந்த சித்தப்பா திரும்பியபோது சட்டியின்மேல் காஸ் சுடர் சீறிக்கொண்டிருந்தது.

“குதிரைக்கு மீன்வால். செய்தவன் நல்ல குடிவெறியில இருந்திருப்பான்,” என்றார் பத்தர். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சித்தப்பா சாமித்தட்டைப் பார்த்தார். ரிஷூ வெறுமையாகக் கிடந்தது.

“நிப்பாட்டுங்கோ.”

“நல்ல நேரத்தில என்ன கதை இது?” என்றார் சித்தி.

“அது எங்கட இல்லை. அரசாங்கத்துக்குக் குடுக்கவேண்டிய சாமான்.”

“அப்ப ஏன் சாமியடியில வைச்சனீங்கள்?”

பத்தர் சுடரை விலக்குவதற்குள் குதிரையின் தலை சரிந்து, உருகிய பவுணோடு ஒன்றாயிற்று. சித்தப்பா வெறும் விரல்களால் வாலைப் பற்றி இழுத்தார். தோல் கருகியது. அவர் பிடியை விடவில்லை.

பொன் ஆறி உருண்டையானது. பத்தர் அதை வெற்றிலைத் தட்டில் வைத்துச் சித்தியிடம் கொடுத்தார்.

“அந்த உருண்டையும் வேணும்,” என்றார்.

“அது என்ர மருமோளின்ர தாலி. உருக்கின பொன்னை விட்டிட்டு வேற பொன்னில செய்தால் பொம்பிளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்? என்ர பிள்ளையின்ர வாழ்க்கையெல்லோ.” சித்தி தட்டை இறுக்கிப் பிடித்தார்.

நிசாந்தன் எழுந்தான். “அம்மா, குடுங்கோ. மயூராவுக்கு நான் சொல்லுறன்.”

சித்தி தட்டை நிலத்தில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பின்னர் திருமணத்தன்றும் அவர் கணவரோடு பேசவில்லை.

திங்கட்கிழமை, கட்டுப்போட்ட கையோடு சித்தப்பா வாலையும் உருண்டையையும் அருங்காட்சியக அதிகாரியின் மேசையில் வைத்தார். அந்தப் பெண் தம்மிடமிருந்த படத்தையும் உருண்டையையும் மாறி மாறிப் பார்த்தார். தலையை மட்டும் பிரித்தெடுக்க வழியுண்டா என்று சித்தப்பா கேட்டார். இல்லை என்றார் அதிகாரி. பிறகு, இத்தனை நாளும் இதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று விசாரித்தார்.

“என் கடவுளுக்குப் பின்னால்,” என்றார் சித்தப்பா.