தம்பி கேட்டானாம்

தையல் யூனிட்டில் அவளுக்குப் பெயரே கிராமர் அக்காதான். மாலை வகுப்பில் ஆங்கிலம் படித்ததிலிருந்து இன், ஆன், அட் என்று எல்லோர் உயிரையும் வாங்கினாள். கத்தரிக்கோல் எங்கே என்றால், “டிராயர்னா இன், மேஜைன்னா ஆன். எதுன்னு பாத்துச் சொல்லட்டுமா?” என்பாள். சிரித்துக்கொண்டே திட்டுவார்கள்.

அத்தனை பாடும் தம்பி பெண்டாட்டியோடு பேசத்தான். தம்பி இருந்தது ரயில் ஏறினால் மறுநாள் போய்ச் சேரும் ஊர். அவன் கட்டிக்கொண்டவளுக்குத் தமிழ் தெரியாது. வயிற்றில் ஆபரேஷன் என்று படுத்தபோது, “சின்ன விஷயம்க்கா, அலையாத” என்று போனில் சொன்னான். பாவி, மறைத்துவிட்டான். பிறகு அவன் பேசவே இல்லை. அவன் பெண்டாட்டிதான் செய்தி அனுப்பினாள்: ஹி இஸ் ஆஸ்கிங் ஃபார் யூ.

கிராமர் அக்கா யாரிடமும் காட்டவில்லை. தனக்குத் தெரியாத இங்கிலீஷா? “என் தம்பி என்னைக் கேட்டானாம்டி!” என்று பக்கத்து மெஷின்காரியிடம் பூரித்துப்போனாள்.

“கேக்காம இருப்பானா? கூடப்பொறந்தவனாச்சே.”

நம் பேச்சில் ஒருவரைக் கேட்டான் என்றால் நலம் விசாரித்தான், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதற்கு அபௌட் வரவேண்டும். ஃபார் வந்தால் ஆளையே தேடுகிறான், வரச்சொல்கிறான் என்று அர்த்தம். பாழாய்ப்போன அந்தச் சொல்லுக்கு வகுப்பில் ‘எனக்காக, உனக்காக’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் விசாரித்தேன் என்று சொல்வதாக நினைத்து, ஐ ஆம் ஆல்ஸோ ஆஸ்கிங் ஃபார் ஹிம் என்று பதில் போட்டுவிட்டுக் காலர் தைக்க உட்கார்ந்தாள். அந்த வாரமே தம்பி போய்விட்டான்.

சாவுக்குப் போனவளைத் தம்பி பெண்டாட்டி ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. கூப்பிடுகிறார் என்று எழுதினேன், நீங்களும் தவிப்பதாக எழுதினீர்கள், வந்துகொண்டிருப்பீர்கள் என்று அவரிடம் சொன்னேன் என்றாள், மெதுவான ஆங்கிலத்தில். கிராமர் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் அவருக்கு ஆங்கிலமே மறந்துவிட்டது, வாசலைப் பார்த்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள் அவள். அக்கா என்றால் நீங்கள், அது தெரியும். மீதிக்கு என்ன அர்த்தம்? தட்டுத்தடுமாறி, அவன் சொன்ன மாதிரியே சொல்லிக்காட்டினாள்:

“அக்கா வந்தாச்சா?”

கிராமர் அக்கா வாயைத் திறந்தாள். ஆங்கிலம் வரவில்லை. “வந்துட்டேன்டா,” என்று காலிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். “வந்துட்டேன்டா தம்பி!”