கண்டாவளையில் மட்டும் பாடாத மெஷின்

போன செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன். கேற்றடியில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. பின் சீற்றில் ஆள் இல்லை. பெட்ஷீற்றால் சுற்றிய நீளமான பொருளொன்று ஹாயாகப் படுத்திருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு கலா.

"அண்ணை, திரும்பவும் நிண்டுட்டுது."

மூன்றாவது தடவை! ஒன்றரை மாதத்துக்குள் மூன்றாவது தடவை. வாய் நிறைய நுரையோடு என்ன சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன்.

குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்த என் மனைவி, "உங்கட நோயாளி வந்திட்டுது" என்றாள். அவள் சொன்னது கலாவை அல்ல, பெட்ஷீற்றை.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் எனக்குக் கந்தோர் வேலை. மிச்ச நேரத்தில் பழைய மின்னிசைக் கருவிகளைப் பிரித்துப் பார்ப்பது என் விசர். கிளிநொச்சியில் இந்த விசர் பிடித்த வேறு ஆளை எனக்குத் தெரியாது. ஆகவே நான்தான் நிபுணர். தனியாக ஓடிய ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருவது எவ்வளவு சுகம் தெரியுமா?

கலா கண்டாவளைக்காரி. ஓர் இசைக்குழுவில் கீபோட் வாசிக்கிறார். அவரிடம் இருப்பது நாற்பது வயது கடந்த அனலொக் சின்தசைசர். இந்தக் காலத்துக் கீபோட்டுகள் எங்கேயோ பதிவு செய்துவைத்த சத்தத்தை எடுத்துத் தருகின்றன. இது அப்படியல்ல. உள்ளே மின்சாரமே அதிர்ந்து சத்தமாகிறது. முகப்பில் பதினாறு ஸ்லைடர்கள் — மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள். அவற்றைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு சத்தத்தையும் கையாலேயே செய்ய வேண்டும். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும் பாருங்கள்... பக்கத்தில் நாதஸ்வரக்காரர் இருந்தால் திரும்பிப் பார்ப்பார். அந்தச் சத்தத்துக்காகத்தான் கலாவைக் குழுவில் வைத்திருக்கிறார்கள்.

வைத்திருப்பார்களா? அங்கேதான் சிக்கல். அடுத்தடுத்து இரண்டு கச்சேரிகளில் மெஷின் பாதிப் பாட்டில் 'கர்ர்ர்' என்று இழுத்துவிட்டு மௌன விரதம் பூண்டுவிட்டது. குழுத் தலைவர் ரவி மாஸ்டர் நல்ல மனிதர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் கச்சேரி. அதிலயும் நிண்டால், புதுக் கீபோட் வைச்சிருக்கிற வேற ஆளைத்தான் பாக்கவேணும். குறை நினையாதேங்கோ."

"ஏழு வருசமா வாசிக்கிறன் அண்ணை," என்றார் கலா. "இந்த இடமும் போனால் எனக்கு வேற மேடை இல்லை."

எதற்கும் சிரிக்கிற மனுசி. அன்று சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் பெட்ஷீற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். ஏனென்றால் இரண்டு தடவையும் 'இனிப் பிரச்சினை இல்லை' என்று கையில் அடிக்காத குறையாகச் சொல்லி அனுப்பியவன் நான்.

முதல் தடவை திறந்தபோது ஸ்லைடர்களுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் தூள் கிடந்தது. புழுதி என்று தீர்ப்பு வழங்கினேன். கண்டாவளையில் அறுவடைக் காலம், நெல்லு வெட்டுகிற மெஷின் கிளப்புகிற புழுதி போகாத இடம் உண்டா? துடைத்து, மின் தொடுப்புகளைச் சுத்தமாக்குகிற கொன்டாக்ட் கிளீனர் அடித்து, "துணி போட்டு மூடி வையுங்கோ" என்று புத்திமதியும் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது தடவை அதே தூள், கொஞ்சம் கூடுதலாக. மூடி வைத்த பிறகுமா? உடனே கட்சி மாறினேன். கரன்ற் சரியில்லை, வோல்ற்றேஜ் ஏறி இறங்குகிறது என்றேன். வோல்ற்றேஜுக்கும் தூளுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். நிபுணர்களை இப்படியெல்லாம் கேள்வி கேட்டால் நாடு எப்படி முன்னேறும்?

என் எரிச்சல் என்னவென்றால் — என் வீட்டு மேசையில் அந்த மெஷின் நாள் முழுக்க விடாமல் பாடும். கண்டாவளைக்குப் போய் ஒரு கிழமையில் ஊமை.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது தடவையாகத் திறந்தேன். இந்த முறை தூள் மட்டுமல்ல, ஸ்லைடர் ஓடுகிற பிளவுகளுக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகிப்போய் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். குற்றவாளி பிடிபட்டுவிட்டான்!

"குளவி! குளவி கூடு கட்டியிருக்கு!"

மனைவி வந்து குனிந்து பார்த்தாள். பிறகு மூக்கை வைத்து மோந்தாள்.

"என்னப்பா குளவி இது... சந்தனம் மணக்குது?"

சந்தன மரத்தில் இருந்து வந்த குளவியாக இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. நல்ல காலம்.

பதினாறு ஸ்லைடர்களையும் கழற்றிக் கழுவி, உள்ளே மின்சாரம் ஓடுகிற கரித் தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பூட்ட இரண்டு நாள் பின்னேரம் போயிற்று. புதன்கிழமை இரவே கலா வந்து கொண்டுபோனார். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, வோல்ற்றேஜ் பார்க்கிற சாட்டில், மல்ரிமீற்றரும் கையுமாக நான் கண்டாவளையில் நின்றேன்.

முற்றத்தில் ட்ரக்டர். அதற்கு முன்னால் கலாவின் கணவர் சிவநேசன். குளித்து முழுகி, கையில் தட்டோடு நிற்கிறார். ட்ரக்டருக்குக் கற்பூரம் காட்டினார். பொனெற்றில் திருநீறு பூசினார், சந்தனப் பொட்டு வைத்தார். எங்கள் பக்கத்தில் வாகனம் வைத்திருக்கிற எவரும் செய்வதுதானே? நானும் பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனிதர் அதே தட்டோடு வீட்டுக்குள் போனார். மெஷினை மூடியிருந்த துணியை விலக்கினார். மூன்று விரலைத் திருநீற்றில் தோய்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஸ்லைடர்களுக்கு மேலாக, ஒரே இழுவை! பிறகு சந்தனம். பதினாறு ஸ்லைடர், பதினாறு பொட்டு. கடைசியில் கைகூப்பி, "நாளைக்கு இவவின்ர மானத்தைக் காப்பாத்திப் போடு" என்றார், மெஷினைப் பார்த்து.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"கலா, இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் புழுதியையும் கரன்ற்றையும்தானே அண்ணை கேட்டனீங்கள்," என்றார் கலா, தேத்தண்ணியோடு வந்தபடி. "நான் ஈரத்துணியால வடிவாத் துடைச்சிட்டுத்தானே வாசிக்கிறனான்?"

ஈரத்துணி! அவர் பூச, இவர் குழைத்து உள்ளே தள்ள... இரண்டு பேரும் சேர்ந்து அப்படியொரு ஒற்றுமையான குடும்பம். பழுது பார்க்கிற எங்களிடம் உள்ள பெரிய பழுது இதுதான். பெட்டிக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருப்போம், பெட்டி இருக்கிற வீட்டை ஒருமுறைகூடப் பார்க்கமாட்டோம்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. இதை எப்படிச் சொல்வது? காலங்காத்தாலே ஒருவர் வீட்டுக்குள் புகுந்து, திருநீறு பூசாதே என்று சொல்லிவிட்டு மரியாதையாகத் திரும்பிவர முடியுமா?

சிவநேசன் தன் கட்சியைத் தயாராக வைத்திருந்தார். "பதினொரு வருசம் அண்ணை, இந்த ட்ரக்டர் ஒரு நாள் நடு வயலுக்க நிண்டதில்லை. ஏன்? நான் ஒரு விடியலும் தவறவிடேல்லை. ரெண்டு மாதத்துக்கு முந்தித்தான் இவவின்ர மெஷினுக்கும் பூசத் தொடங்கினனான். அது பழுதாகத் தொடங்கினாப் பிறகு, திருநீறு மட்டும் காணாது எண்டு சந்தனமும் சேர்த்தனான்."

அதாவது வருத்தம் கூடக் கூட மருந்து கூடியிருக்கிறது. மருந்து கூடக் கூட வருத்தம். தேத்தண்ணியைக் குடித்தபடி யோசித்தேன்.

"சிவநேசன், ட்ரக்டருக்கு எங்க பூசுறனீங்கள்?"

"பொனெற்றில."

"டீசல் ஊத்துற வாய்க்குள்ளயும் பூசுவியளோ?"

"விசரே அண்ணை? இஞ்சின் போயிடுமெல்லோ!"

மனிதர் ட்ரக்டரைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு மெல்ல மெஷினைப் பார்த்தார்.

"அப்ப... உதுகள் வாயோ?"

"பதினாறு வாய்."

அவருடைய முகம் விழுந்ததை நான் எழுதிக் காட்டமுடியாது. "அப்ப இவவின்ர இடத்தைக் கெடுத்தது நான்தானோ?" என்றார். கலா, "சும்மா இருங்கோ" என்றார். அவர் சும்மா இருக்கவில்லை. "எனக்குச் சங்கீதம் ஒரு துண்டும் தெரியாது அண்ணை. கச்சேரி எண்டால் இவ முதல் நாளே சாப்பிடமாட்டா. நான் என்ன செய்யிறது? எனக்குத் தெரிஞ்சதைத்தானே செய்தனான்."

வெட்கமாகிவிட்டது எனக்கு. ஒன்றரை மாதமாக இந்த மனிதரைத்தான் புழுதி, கரன்ற், குளவி என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கந்தோருக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து மறுபடி துடைத்தேன். பின்பக்கத்து மரப் பலகையைக் காட்டி, "பூசுறதெல்லாம் இனி இஞ்ச. எவ்வளவு வேணுமெண்டாலும் பூசுங்கோ" என்றேன். பிறகு அவருக்கு ஓர் உத்தியோகமும் கொடுத்தேன்.

"காலமை ட்ரக்டரை எடுத்த உடன உழவுக்கு விடுவியளோ?"

"இல்லை, கொஞ்சம் சூடாக வேணும்."

"இதுவும் அப்பிடித்தான். சூடாகும் மட்டும் சுருதி நிக்காது. அரை மணித்தியாலம் முந்திப் போட்டுவிட வேணும். பிறகு கச்சேரி முடியும்வரை ஒருத்தரும் பிளக்கைக் கழட்டக்கூடாது. ஒருக்கால் கழட்டினால் திரும்பவும் முதல்ல இருந்து. பிளக் உங்கட பொறுப்பு."

"நான் பாக்கிறன்," என்றார். ஏதோ பாலத்துக்குக் காவல் போட்டதுபோல நிமிர்ந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முன் வரிசையில் நான். மடியில் மல்ரிமீற்றர். பக்கத்தில் மனைவி, "அதைப் பைக்குள்ள வையுங்கோவன்" என்று இடித்துக்கொண்டிருந்தாள். முதல் பாட்டு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் மேடைக்குப் பின்னால் இருந்து ஏதோ வாக்குவாதம் கேட்டது. எழுந்து ஓடினேன்.

கோயில் சபைக்காரர் ஒருவர் கையில் மின்கேத்திலோடு நிற்கிறார். "ஐஞ்சு நிமிசம் பிளக்கைத் தாங்கோ தம்பி. பிரதம விருந்தினருக்குத் தேத்தண்ணி வைக்கவேணும்."

கதிரையைப் பிளக்கடியிலேயே போட்டு, இரண்டு காலுக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டு சிவநேசன். "சோடா குடுங்கோ."

பிரதம விருந்தினர் சோடாதான் குடித்தார்.

அன்று கலா வாசித்தது... என்னத்தைச் சொல்ல! கடைசிப் பாட்டில் அந்தச் சத்தம் வழுக்கிக்கொண்டு மேலே போய், அங்கேயே நின்று, மெதுவாக இறங்கி வந்தபோது கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்தவர்கூடக் கடதாசிச் சரையைச் சுற்றாமல் நின்றார். முடிந்ததும் ரவி மாஸ்டர் வந்து, "அடுத்த கச்சேரி துணுக்காயில. உந்த மெஷினையே கொண்டு வாங்கோ பிள்ளை" என்றார். கலா சிரித்தார். மறுபடி அந்தப் பழைய சிரிப்பு.

செய்தியைச் சொல்ல மேடைக்குப் பின்னால் ஓடினேன். சிவநேசன் இன்னும் கதிரையை விட்டு எழும்பவில்லை. என்னைக் கண்டதும் கேட்டார்:

"அண்ணை, இவ நல்லா வாசிச்சவவோ?"

"ரெண்டு மணித்தியாலமா இஞ்சதானே இருந்தனீங்கள்! கேக்கேல்லையோ?"

"எங்க அண்ணை கேக்கிறது... நான் பிளக்கையெல்லோ பாத்துக்கொண்டிருந்தனான்."

எத்தனையோ ரசிகர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சுரமும் காதில் விழாமல் முழுக் கச்சேரிக்கும் நெஞ்சு படபடத்தவர் இவர் ஒருவர்தான்.