பனிக்குள் கேட்ட நொண்டித் தாளம்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். தை மாதம், கல்யாணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும் காலம். மேட்டூர் அணைத் தண்ணீரைப் பண்ணவாடித் துறையிலிருந்து பரிசலில் கடந்து, அக்கரையில் ஓர் ஊருக்குக் கல்யாணத்துக்கு வாசிக்கப் போனோம். சேலத்தில் ஒரு பேண்டு செட்டில் நான் பெரிய டிரம் அடிப்பவன். அந்த மாதம்தான் செட்டுக்கே தலைவனாகவும் ஆகியிருந்தேன். அதை என்னைத் தவிர வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் என் தாளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அணை கட்டி முடித்த புதிதில், மேட்டூரில் துரைமார்களின் கிளப்புக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் பெங்களூரிலிருந்து ஒரு ஜாஸ் செட் வந்தது. வாசலில் வாசிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் வேலை முடிந்ததும் நான் சமையல்கட்டுப் பக்கத்து ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டேன். உள்ளே ஒரு கோவாக்காரர் இரண்டு கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று அடி, கொஞ்சம் நொண்டல், அப்புறம் இரண்டு அடி. அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு காலைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை! கியூபா என்று ஒரு தீவாம், அங்கே ஆடுகிற ரும்பாவுக்கான தாளமாம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காபி கிளப்பில் அந்த மாதிரி கிராமபோன் தட்டு ஒன்று இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்கினேன். சுரைக்குடுக்கையைக் காயவைத்து, உள்ளே குன்றிமணி போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். ஊர்வலத்தில் சந்தடி சாக்கில் அந்த அடியை நுழைத்துவிடுவேன். இளவட்டங்கள் ஆடும். எங்கள் செட்டு ஆட்களோ தலையில் அடித்துக்கொள்வார்கள். "ஆரம்பிச்சுட்டான்யா நொண்டித் தாளத்தை" என்பார்கள்.

எங்கள் மாஸ்டர் மட்டும் சிரித்துக்கொள்வார். அவர் கிளாரினெட் வாசிப்பவர். பேண்டு உலகத்தில் மாஸ்டர் என்றால் கிளாரினெட்தான், இல்லாவிட்டால் கார்னெட் என்கிற பித்தளை ஊதல். பாட்டைக் கையில் வைத்திருப்பவன்தானே முன்னால் நடக்க வேண்டும்? டிரம்காரன் பின்வரிசை. அப்படியிருக்க, மாஸ்டர் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசியாகப் பேச்சு வந்தபோது, "செட்டை இவன் பார்த்துக்கட்டும்" என்று என்னைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

பேண்டுக்காரன் செத்தால் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. மற்ற வாத்தியமெல்லாம் ஊமையாக வரும். பெரிய டிரம் மட்டும் தனியாக, நிதானமாக, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு, இடுகாடு வரைக்கும் ஒலிக்கும். அதனாலேயே வேறு எந்த இடத்திலும் டிரம்மைத் தனியாக அடிக்க மாட்டோம். ஒத்திகையில்கூட யாராவது ஒருத்தர் கூட ஊதியாக வேண்டும். மாஸ்டருக்கு அந்த ஒற்றை அடியை நான்தான் அடித்தேன். அழுதுகொண்டே அடித்தேன்.

அடுத்தபடி மாஸ்டராக வேண்டியவர், மூத்த கிளாரினெட் அண்ணன். அவருக்கு வயிறு எரியாமல் இருக்குமா? "தோலைத் தட்டறவன் கையில செட்டு போனா, எவன்டா கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்?" என்று என் காதுபடவே சொன்னார். பாதிப் பேர் அவர் பக்கம். இந்தக் கல்யாணம் நான் ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம். இது முடிந்ததும் செட்டை உடைத்துக்கொண்டு போவதாக அவர்கள் பேசி வைத்திருந்தது எனக்கும் தெரியும்.

முதல் நாளே வந்து துறையோரக் கொட்டகையில் படுத்திருந்தோம். விடிந்ததும் இரண்டு பரிசல் பேசினோம். நான் ஏறியதைப் பார்த்ததும் அண்ணன் பின்வாங்கினார்.

"நீங்க முன்னால போங்க. நாங்க அடுத்ததுல வாரோம்."

முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பித்தளை வாத்தியங்கள், சின்னதான சைடு டிரம், தாளத்தட்டு எல்லாம் இருந்த மரப்பெட்டி அவர்களோடு ஏறியது. அந்தப் பரிசலில், துடுப்புப் போட்ட புதுப் பையனைத் தவிர, எங்கள் ஆட்கள் ஐந்து பேர். ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது. என்னோடு பெரிய டிரம்மும், தாளத்தட்டு போடுகிறவனும், இன்னும் இரண்டு பேரும்.

கிளம்பும்போது அக்கரை நன்றாகத் தெரிந்தது. பாதித் தூரம் போனதும், மலைப்பக்கமிருந்து பனி இறங்கியது. சும்மா சொல்லக் கூடாது, அப்படிப் பனியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என் மடியில் இருந்த டிரம்மே மங்கலாகிவிட்டது. துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் மட்டும் யாரோ காதுக்குள் செய்வதுபோலக் கேட்டது. "அடியில பழைய ஊர் இருக்குங்க சாமி" என்றார் பரிசல்காரர், வெகு சாதாரணமாக. "கோயிலு, ஊடு, கெணறு எல்லாம் அப்படியே இருக்குது. டேம்ல தண்ணி வத்துனா கோயிலு தலையைக் காட்டும்." நான் காலைச் சட்டென்று மடக்கிக்கொண்டேன்.

அவர் பழக்கத்தில் எங்களைக் கரை சேர்த்துவிட்டார். இறங்கி நின்றோம். பின்னால் வந்த பரிசலைக் காணோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள்ளிருந்து, "ஏய்ய்... எங்கடா இருக்கறீங்க?" என்று குரல் வந்தது. அவர்கள்தான். நாங்களும் தொண்டை கிழியக் கத்தினோம். அவர்கள் குரல் ஒருமுறை இடப்பக்கம் கேட்டது, அடுத்த முறை வலப்பக்கம். பரிசல் ஓட்டை, தண்ணீர் ஏறுகிறது என்று யாரோ கத்தினது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மனுசக் குரலு பனியில செதறிப் போயிருங்க" என்றார் பரிசல்காரர். "அந்தப் பெரிய மோளத்தை அடிங்க சாமி. அந்தச் சத்தத்தைப் புடிச்சு வந்துருவாங்க."

அடித்தேன். தூரம் போக வேண்டுமே என்று பலமாக, விட்டு விட்டு அடித்தேன். தொம்... தொம்... தொம்... தண்ணீர்மேல் அது போவதைக் காலில் உணர முடிந்தது.

கத்திக்கொண்டிருந்த குரல்கள் ஒரே நொடியில் அடங்கின. அப்பாடா, கேட்டுவிட்டது என்று நினைத்தேன். மேலும் பலமாக அடித்தேன். ஆனால் பதில் குரல் வரவில்லை. பரிசல்காரர் குனிந்து தண்ணீருக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"எட்டப் போறாங்க சாமி. துடுப்பு அவசர அவசரமா விழுது. நீங்க அடிக்க அடிக்க அந்தப்பக்கம் போறாங்க. அங்க கல்லும் கட்டையும் தண்ணிக்கு அடியில முட்டிக்கிட்டு நிக்குதுங்க."

கூப்பிடக் கூப்பிட ஏன் ஓடுகிறார்கள்? பதற்றத்தில் இன்னும் ஓங்கி அடித்தேன். தாளத்தட்டுக்காரன் என் கையைப் பிடித்தான். அவன் கை ஐஸ்போல இருந்தது.

"அடிக்காதீங்கண்ணே. இது மாஸ்டருக்கு அடிச்ச அடிங்கண்ணே."

கோல் அந்தரத்தில் நின்றுவிட்டது. அட பாவி மனுசா! கூட ஒரு வாத்தியமும் இல்லாத ஒற்றை டிரம். அதே டிரம், அதே கை, அதே இடைவெளி. பனிக்குள், மூழ்கிப்போன ஊருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறவன் காதில் அது என்னவென்று விழும்? வேறு எந்த ஊர்க்காரனும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்திருப்பான். பேண்டுக்காரன் மட்டும்தான் தப்பித்து ஓடுவான்.

என்ன செய்வது? அடிக்காவிட்டால் வழி தெரியாது. அடித்தால் ஓடுவார்கள். அப்போதுதான் அது தோன்றியது. இந்த மேட்டூர்த் தண்ணீருக்குள் எந்த ஊர் இருந்தாலும், எந்தக் கோயில் இருந்தாலும், எந்த ஆவி இருந்தாலும், ரும்பா தெரிந்தது ஒன்றாவது இருக்குமா? அதை அடிக்கிற கிறுக்கன் ஒருத்தன்தான். அவன் உயிரோடு கரையில் நிற்கிறான்.

கோலைத் திருப்பிப் பிடித்து, டிரம்மின் மர விளிம்பில் அடித்தேன். மூன்று, நொண்டல், இரண்டு. மூன்று, நொண்டல், இரண்டு. இடது கையால் தோலில் முட்டுக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, கை மட்டும் கல்யாண ஊர்வலத்தில் போவதுபோலக் குதித்துக்கொண்டிருந்தது. நினைத்துப் பார்த்தால் கேவலமான காட்சிதான். ஆறு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, கரையில் ஒருவன் ஆட்டத் தாளம் போடுகிறான்.

குளிரில் விரல் மரத்துப்போய் ஒரு தடவை கோல் நழுவியது. மூன்று அடி அடித்தவனால் மீதி இரண்டை அடிக்க முடியவில்லை. அந்த இடத்தில், பனிக்குள்ளிருந்து, டக்... டக்... என்று இரண்டு அடி வந்து விழுந்தது. மிகச் சரியாக. ஒரு இம்மி பிசகவில்லை.

"சைடு டிரம்!" என்று கத்திவிட்டேன். நம்ம பையன்கள் பதில் சொல்கிறார்கள்! கோலை எடுத்து மறுபடி மூன்று மட்டும் அடித்துவிட்டு நிறுத்தினேன். இரண்டு வந்தது. மறுபடி மூன்று. மறுபடி இரண்டு. அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. பிறகு துடுப்புச் சத்தம் கேட்டது. பிறகு, ஒரு பெரிய கறுப்பு உருண்டையாகப் பரிசல் பனியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

ஐந்து பேரும், துடுப்புப் போட்ட பையனும் இருந்தார்கள். முழங்கால் அளவுத் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கிளாரினெட் அண்ணன் கரையில் கால் வைத்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அடியிலயிருந்து வர்ற மாதிரி இருந்துச்சுப்பா" என்றார். "மாஸ்டர்தான் எங்களைக் கூப்பிடறாருன்னு நெனச்சேன். நான்தான் பரிசலைத் திருப்பச் சொன்னேன். அப்புறம் உன் நொண்டித் தாளம் கேட்டுச்சு பாரு... சிரிப்பும் அழுகையுமா வந்துச்சு." எழுந்து ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டார். என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "மாஸ்டர், பொண்ணு ஊட்டு வாசல்ல எந்தப் பாட்டை எடுக்கலாம்?"

செட்டு உடையவில்லை. அன்றைக்கும் வாசித்தோம், அதற்குப் பிறகு திருச்செங்கோடு, ராசிபுரம், ஈரோடு என்று வருடக்கணக்கில் வாசித்தோம். சுரைக்குடுக்கையும் கட்டையும் எங்கள் செட்டுக்கே அடையாளமாகிவிட்டன. டிரம்காரன் முன்னால் நடக்கிற செட் என்று வேடிக்கை பார்க்கவே கூட்டம் வரும்.

ஆனால் அன்று மரப்பெட்டியைத் திறந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். சைடு டிரம் அடிப்பவன் தோளைத் தட்டி, "நல்லா பதில் குடுத்தேடா" என்றேன். அவன் விழித்தான்.

"நானாண்ணே? பெட்டியைத் தொறக்கவே இல்லீங்களே. டிரம்முக்குள்ள தண்ணி பூந்து தோலு தொளதொளன்னு கெடக்குது, பாருங்க." தொட்டுப் பார்த்தேன். ஊறிய அப்பளம்போல விரல் உள்ளே போனது. அண்ணனும் என்னைத்தான் பார்த்தார். "நாங்க கரையில ரெண்டு பேரு அடிக்கறீங்கன்னு நெனச்சோம். ஒரு சத்தம் தூரமா, ஒண்ணு பக்கத்துல. பக்கத்துச் சத்தத்தைப் புடிச்சுத்தான் வந்தோம்."

படித்தவர்கள் சிலர் மலையின் எதிரொலி என்கிறார்கள். எதிரொலி என்றால் மூன்று அடித்தால் மூன்றுதானே வரும் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நானும் பெரிதாக வாதாடுவதில்லை. கேட்கிறவன் எந்தத் துக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறானோ, அதற்குள்தான் என் சத்தம் போய் விழுகிறது என்று அன்று புரிந்துகொண்டதால்தான் நான் ஒரு மாஸ்டராக இருக்க முடிந்தது. ஆனாலும் இன்றுவரை அந்தத் தாளத்தை எடுக்கும்போது, முதல் மூன்று அடியை அடித்துவிட்டு ஒரே ஒரு முறை மட்டும் கையை நிறுத்திக்கொள்கிறேன்; மீதி இரண்டு அடி யாருடையதோ, அவர் வந்தால் அடித்துக்கொள்ளட்டும் என்று.