போலீஸாக நடித்தவர்

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஸ்காட்லாந்து அம்மா, அவர்கள் நாட்டு டிவியிலும் சினிமாவிலும் நடித்தவர். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருப்பார். தினமும் என் டீக்கடைக்கு வந்து, பேசுகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் குடித்துவிட்டு வந்த ஒருவன், என் கடையில் பாத்திரம் கழுவும் தன் மனைவியின் கழுத்தில் கத்தியை வைத்தான். யாரும் அசையவில்லை. அந்தம்மா மட்டும் எழுந்து போய்க் கையை நீட்டி, தணிந்த குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் கத்தியைக் கொடுத்துவிட்டான்.

"பயமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"டிவியில் பத்து வருஷம் நான் போலீஸ். அங்கே கத்தி ரப்பர்," என்றார் அரைகுறைத் தமிழில்.

டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதியைச் சிந்திவிட்டார். நானே பிடித்துக் குடிக்க வைத்தேன்.