பின்பாட்டுக்காரர் என்று நீங்கள் சிரித்த எங்கள் அண்ணன்

அண்ணன் கண்மூடி இன்றோடு ஓராண்டு. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் வணக்கம். இலையில் உட்காருமுன் இந்த நினைவு மலரைப் படித்துவிடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

அண்ணன் பிறந்தது நம் மலையின் வளப்பூர் நாட்டில். அப்பாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். உடுக்கை அடித்து அவர் சாமி கதை பாடினால், மிளகு பறிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு ஆலத்தூர் நாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நம் வழக்கப்படி பாடுகிறவர் சன்னதியைப் பார்த்து உட்கார வேண்டும். கூட்டத்துக்கு முதுகுதான் தெரியும். அப்பா ஓர் அடி பாட, பக்கத்தில் அமர்ந்து அதையே பின்பாட்டாகத் திருப்பிப் பாடுவது அண்ணனின் வேலை.

ஒரு மழைக்காலம் காய்ச்சலில் கிடந்து எழுந்த அப்பாவுக்குத் தொண்டை போய்விட்டது. பாட வாயெடுத்தால் வெறும் காற்றுதான் வந்தது. திருவிழாவுக்கு எட்டு நாள் இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"என்ற அடியையும் நீயே பாடு கண்ணு. முதுகைப் பாத்து எவன் கண்டுபிடிப்பான்? ஆனா உன்ற அடியை மட்டும் கெடுத்துப் பாடோணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஊருக்குத் தெரிஞ்சுபோகும்."

ஏழு திருவிழா அப்படியே பாடினார் அண்ணன். அப்பாவின் அடியை மணியாகப் பாடுவார். மூச்சு வாங்கிக்கொண்டு, அதே அடியைத் தன் பங்குக்குத் தகரமாகப் பாடுவார். நீங்கள் அப்பாவுக்கு மாலை போட்டீர்கள். அண்ணனைப் பார்த்து, "பெரியவருக்கு இப்படியும் ஒரு புள்ளையா?" என்று சிரித்தீர்கள். சிரித்தவர்களின் பெயரெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. எழுதினால் இன்று பாதிப் பந்தி காலியாகிவிடும்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஊர்ப்பெரியவரைக் கூட்டியாரேனுங்கப்பா. பாடுனது நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் செத்தாலும் நாலு பேரு என்ற பாட்டைப் பேசோணும். அதைக் கெடுத்துப்போடாத சாமி."

பெற்ற பிள்ளையிடம் இப்படியும் ஒருவர் கேட்பாரா? கேட்டார். அண்ணனும் சரி என்று தலையாட்டினார்.

அப்பா போனபின் வந்த திருவிழாவில் அண்ணன் தனியாக உட்கார்ந்து, தன் அடியைக் கெடுக்காமல் பாடினார். மூன்று அடி தாண்டவில்லை. "நிறுத்துடா! அப்பன் செத்து வருசம் திரும்பல, அப்பன் குரலையே களவாண்டு பாடறயா?" என்று ஊர்ப்பெரியவர் எழுந்தார். அண்ணன் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினார். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால், உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவின் பாட்டுக்குப் பித்துப் பிடித்த ஒரு முதலாளி, அப்பா பெயருக்காகவே அடிவாரத்து அச்சுக்கூடத்தில் எனக்கு வேலை கொடுத்திருந்தார். நான் துண்டால் முகம் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டேன். அண்ணன் கையிலிருந்த உடுக்கையைப் பிடுங்கி எடப்புளி நாட்டுக்காரர் ஒருவரிடம் கொடுத்தார்கள்.

அதன்பின் அண்ணன் பாடவில்லை. மரவள்ளி போட்டார். என் பிள்ளைகளுக்கு மறக்காமல் சாமை கொடுத்தனுப்பினார். என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. கடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

கடைசியில் வயிறு வீங்கி, வெள்ளைக்கார டாக்டரிடம் காட்டக் கட்டிலோடு மலையிறக்கினோம். பாதி வழியில் சுமந்தவர்களில் ஒருவர், "உங்கப்பாரு இருந்திருந்தா இந்தக் களைப்புக்கு ஒரு பாட்டுப் பாடுவாருங்க" என்றார். அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு அடி பாடினார். தகரக் குரலில். அப்பாவிடம் தலையாட்டியதை அப்போதும் மீறவில்லை. சுமந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் காலையில் போய்விட்டார்.

கட்டில் சுமந்தவர்களுக்கு நன்றி. காரியத்துக்குச் சமைத்துப்போட்ட அத்தைக்கு நன்றி. "அட்டைல உங்கப்பன் பேரைப் பெருசாப் போடு, இல்லாட்டி யாருன்னு தெரியாது" என்று அக்கறையோடு சொன்ன ஊர்ப்பெரியவருக்கும் நன்றி. அந்தப் பெயரை நான் போடவில்லை. இந்த மலரின் எழுத்து ஒவ்வொன்றையும் நானே கோத்தேன். சொல்ல வேண்டிய நாளில் வாயைத் திறக்காதவனுக்கு இதுதான் மிச்சம்.

அப்பா தொண்டை போனபின் ஏழு திருவிழாவும் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டீர்களே, அதற்கு எங்கள் அண்ணன் சார்பில் உங்கள் அனைவருக்கும் நன்றி.