சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க

பேய், ஆவி, சகுனம் எதையும் நம்பாதவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிக்கும்போது நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கத்தான் போகிறீர்கள். பதினெட்டு வருடமாக லிப்ட் பராமரிப்பு வேலை. "ஏழாவது மாடியில லிப்ட் தானா நிக்குது, கதவு திறக்குது, ஆளே இல்ல" என்று பயந்துபோய் போன் செய்வார்கள். போய்ப் பலகையைக் கழற்றினால் பட்டனுக்குப் பின்னால் எறும்புக்கூடு இருக்கும். உலகத்தில் எந்த மர்மத்தைக் கழற்றினாலும் பின்னால் ஓர் எறும்புக்கூடு இருக்கும் என்பதுதான் என் மதம். இந்த ஒன்றை மட்டும் எத்தனையோ தடவை கழற்றிப் பார்த்துவிட்டேன், எறும்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

என் கணவர் கண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். குவீன்ஸ்டவுன் வீட்டிலிருந்து போவதற்கு டாக்சி கிடைத்துவிடும், மழை வந்தால்தான் கிடைக்காது, திரும்பி வரும்போது அவருக்கு நிற்கவே தெம்பு இருக்காது. அதனால் ஒரு பழைய கார் வாங்குவது என்று முடிவு செய்தோம். இந்த ஊரில் காருக்குப் பத்து வருட அனுமதிதான். அது முடிய இரண்டு மூன்று வருடம் இருக்கிற கார்கள்தான் எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டும். அப்படிப்பட்ட காரில் எவன் எவன் என்னென்ன செய்து வைத்திருக்கிறானோ, யாருக்குத் தெரியும்? லிப்ட் தெரிந்தவளுக்குக் கார் தெரிந்துவிடாது.

ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. நல்ல வெயில். இருட்டும் இல்லை, இடியும் இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கார் விற்கும் இடம், வரிசையாக அறுபது எழுபது கார்கள். விற்பனையாளர் சேகர் என்று நம் ஆள், நாற்பது வயது இருக்கும், நல்ல மாதிரி. ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார். உள்ளே ஏறினால் புதுத் தோல் வாசனை, தரை விரிப்புகூட புதுசு. எனக்குப் பிடித்துவிட்டது. "அக்கா, பேப்பர்லாம் எடுத்துட்டு வரேன், ரெண்டு நிமிஷம் லா" என்று அவர் ஆபீசுக்குள் போனார்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

"சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்கம்மா. பாதி இல்ல, முழுசா."

திரும்பினேன். எழுபது வயசுக்காரர். மாநிறம், வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கால் தரையில் இருந்ததா என்று, பிறகு இதைச் சொன்னபோது என் தங்கை கேட்டாள். இருந்தது. செருப்புப் போட்டிருந்தார், வலது செருப்பின் வாரில் தையல்கூட இருந்தது.

இழுத்தேன். கடைசி ஒரு சாண் வெளியே வந்தபோது பெல்ட்டில் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு. காய்ந்த சேறு.

"தண்ணியில முழுகின வண்டி. சீட்டை மாத்தலாம், கார்ப்பெட்டை மாத்தலாம், பெல்ட்டோட அடிப்பக்கம் யாருக்கும் ஞாபகம் வராது. இது வேணாம். இங்க வாங்க."

மூலையில் ஒரு சாம்பல் நிறக் கார். பளபளப்பே இல்லை, பின்பக்கம் ஒரு சின்ன கீறல். நான் நின்று பார்த்திருக்கவே மாட்டேன். அவர் அதன் பக்கத்தில் நின்ற விதம் இருக்கிறதே, பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைக் கூட்டிப்போக நிற்கிற மாதிரி.

"பானெட் மேல கை வைங்க. சூடா இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப நல்லது. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா, காலைல எடுக்கும்போது வர்ற கெட்ட சத்தம் எதுவும் உங்களுக்குக் கேக்காது. ஆறின வண்டியத்தான் பாக்கணும்."

சேகரின் ரெண்டு நிமிஷம் அரைமணி நேரமானது, அதற்குள் எனக்கு ஒரு பாடமே நடந்தது. எஞ்சின் எண்ணெய் மூடியைத் திறந்து அடியில் பார்க்கச் சொன்னார், மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தமாம். டயரின் உள்விளிம்பை விரலால் தடவச் சொன்னார், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வண்டி கோணலாக ஓடுகிறது, அல்லது எங்கோ இடித்திருக்கிறது. கதவுகளின் இடைவெளி நான்கிலும் ஒரே அளவா என்று சுண்டுவிரலை வைத்து அளக்கச் சொன்னார். எல்லாம் சொல்லித்தான் தந்தார், கையைப் பின்னாலிருந்து எடுக்கவே இல்லை. எனக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. எங்கள் கம்பெனியில் பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள் இருக்கிறார்கள், ஒருத்தருக்கும் இவ்வளவு எளிமையாக விளக்கத் தெரியாது.

"உங்க காருங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. ஏழு வருஷம்." சிரித்தார். "ஒரே ஒரு குறை இருக்கு, அதையும் சொல்லிடணும். இதோ ரேடியேட்டருக்கு மேல போற ரப்பர் ஹோஸ், அத அழுத்திப் பாருங்க. எஞ்சின் சூடா இருக்கும்போது மட்டும் தொட்டுடாதீங்க."

அழுத்தினேன். கொஞ்சம் கொழகொழவென்று இருந்த மாதிரித் தோன்றியது. எனக்கு என்ன தெரியும்?

"மாத்தணும்னு இருந்தேன். முடியாமப் போச்சு. வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும், மெக்கானிக் வேணாம்னுகூட சொல்வான். கேக்காதீங்க, வாங்கின வாரமே மாத்திடுங்க. அதுல உக்காந்து வர்றவர் உடம்பு முடியாதவரு."

நான் கண்ணனைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் அப்போது அது உறைக்கவில்லை, சேகரிடம் சொன்னதைக் கேட்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

சேகர் கூப்பிட்டார், திரும்பினேன், மறுபடி பார்த்தபோது பெரியவர் இல்லை. அறுபது கார்கள் நிற்கிற இடம், எந்தச் சந்திலும் போயிருக்கலாம். வெள்ளைக் காரின் பெல்ட்டைக் காட்டியதும் சேகர் முகம் செத்துவிட்டது. "சத்தியமா எனக்கே தெரியாதுக்கா. யாரு சொன்னா?"

"இந்தச் சாம்பல் காரோட ஓனர். இப்பத்தான் இங்க நின்னாரு."

"ஓனரா? அவரோட மகதான் வந்து வித்துட்டுப் போனாங்க. அவரை நான் பாத்ததே இல்லையே."

சாம்பல் நிறக் காரையே வாங்கினேன். கண்ணனின் ஆசைக்காக சிராங்கூன் ரோட்டுக் கோவிலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் நசுக்கியாகிவிட்டது. காரின் முன்பக்கச் சின்னப் பெட்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் கிடந்தது. அட்டையில் உஸ்மான் என்று பெயர், மார்சிலிங் முகவரி, ஒரு போன் நம்பர். உள்ளே ஆங்கிலத்தில், அச்சடித்த மாதிரிப் பெரிய எழுத்தில், ஏழு வருடத்து வரலாறு. எந்த நாளில் எண்ணெய் மாற்றினார், எந்த மழையில் வைப்பர் ரப்பர் கிழிந்தது, எல்லாமே. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: இடது பின் கதவில் சத்தம். கழற்றினேன். கோலிக்குண்டு. பேத்தியுடையது. திருப்பிக் கொடுத்தேன். இதைப் படித்துவிட்டு நானும் கண்ணனும் அவரை எவ்வளவு நேரம் மெச்சிக்கொண்டிருந்தோம் தெரியுமா? ஒரு பொருளை இப்படியும் ஒரு மனுஷன் வைத்துக்கொள்ள முடியுமா என்று.

அந்த வாரமே காக்கி புக்கிட்டில் மெக்கானிக் லிம் அங்கிளின் பட்டறைக்குப் போனேன். அவர் விளக்கு அடித்துப் பார்த்தார், அழுத்தச் சோதனையும் செய்தார். "ஹோஸ் ஓகே லா, எதுக்கு வீண் செலவு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். நானும் மெயின்டனன்ஸ்காரிதான், ஓடுகிறதை நோண்டாதே என்பது எங்கள் தொழிலில் வேதம். இருந்தும் அந்தப் பெரியவர் முகம் கண்ணுக்குள் நின்றது. மாற்றியே ஆக வேண்டும் என்று நின்றுவிட்டேன். லிம் அங்கிள் அலுத்துக்கொண்டே கழற்றினார். கழற்றியதை இரண்டு கையாலும் வளைத்தார். உள்பக்கம் நெடுக வெடித்திருந்தது. வெளித் தோல் மட்டும் காகிதம் போல மிச்சம். அதற்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, "யார் உனக்குச் சொன்னது?" என்றார். அன்றைக்குக் கூலிகூட வாங்க மறந்துவிட்டார், நான்தான் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

ஹோஸ் மாற்றிய நான்காவது நாள். டயாலிசிஸ் முடிந்து திரும்புகிறோம், விரைவுச்சாலையில் கொட்டுகிற மழை, முன்னால் ஏதோ விபத்து, கார்கள் நகர்வதும் நிற்பதுமாக. கண்ணன் திடீரென்று, "ஏய், கை ஈரமா இருக்கு" என்றார். ஊசி குத்திய இடம் திறந்துகொண்டு ரத்தம். துண்டை வைத்து அழுத்தச் சொன்னேன். துண்டு சிவந்துகொண்டே போகிறது, அவர் முகம் வெளுத்துக்கொண்டே போகிறது. ஆம்புலன்சைக் கூப்பிட்டால் அதுவும் இதே நெரிசலுக்குள்தான் வர வேண்டும். "என்னங்க, கைய விடாதீங்க, தூங்காதீங்க, என் கூடப் பேசுங்க" என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். முக்கால் மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து போனோம். ஏசி ஓடுகிறது, எஞ்சின் கொதிக்கத்தான் வேண்டும், வெப்பமுள் பாதியைத் தாண்டவில்லை. அந்தக் காகிதத் தோல் ஹோஸ் இருந்திருந்தால் அந்த நெரிசலில் முதல் பத்து நிமிடத்திலேயே வெடித்து, நடு ரோட்டில் ஆவி கிளம்ப நின்றிருப்போம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "இன்னும் தாமதமாயிருந்தா கஷ்டம்" என்று மட்டும் சொன்னார். கண்ணன் இன்று நன்றாக இருக்கிறார். நான் இதைச் சொல்வதை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டும் இருக்கிறார்.

நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. நோட்டிலிருந்த நம்பருக்கு அழைத்தேன், உஸ்மானின் மகள் நூர் எடுத்தார். தேக்கா சந்தையில் மாம்பழம் வாங்கிக்கொண்டு மார்சிலிங் போனேன். நூர் ஆங்கிலத்தில்தான் பேசினார், அப்பாவை ‘அபா’ என்றார். அதில் எனக்கு வியப்பில்லை, நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளைகள் வீட்டில் மலாயும் ஆங்கிலமும் பேசுவது இங்கே சகஜம்.

உங்கள் அப்பா என் கணவரின் உயிரைக் காப்பாற்றினார் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நூர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "எந்தச் சனிக்கிழமை?" என்றார். சொன்னேன்.

"அபாவுக்கு அதுக்கு நாலு மாசம் முன்னாடியே பக்கவாதம் வந்துடுச்சு. கட்டிலை விட்டு இறங்கறதில்ல, பேச்சும் இல்ல. அந்தச் சனிக்கிழமை முழுக்க நான்தான் பக்கத்துல இருந்தேன்."

அவருக்கு அண்ணன் தம்பி இருக்கிறார்களா என்று கேட்டேன். எறும்புக்கூட்டைத் தேடினேன், அவ்வளவுதான். இல்லை என்றார். அறைக்குள் அழைத்துப் போனார்.

அவரேதான். அதே தாடி, அதே நெற்றி. உடம்பு பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்தார், யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை இல்லை. வலது கை அசையவில்லை. இடது கையை மெதுவாகப் போர்வைக்கு மேலே எடுத்து, கட்டைவிரலையும் இரண்டு விரல்களையும் சேர்த்து, எதையோ பிடித்து அழுத்துவது போல ஒருதரம் அழுத்தினார். இன்னொரு தரம். புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"மாத்தியாச்சுங்க. அந்த வாரமே மாத்திட்டேன்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பெரிய வேலை முடிந்த மனுஷன் மூச்சு விடுவது போல விட்டார். அத்தனை நாளில் அவர் அப்படி நிம்மதியாகத் தூங்கித் தான் பார்த்ததில்லை என்று நூர் பிறகு சொன்னார்.

லிப்ட் வரை வழியனுப்ப வந்தார். "நீங்க அபாகிட்ட ஏதோ சொன்னீங்களே, என்ன அது?"

"ஹோஸை மாத்திட்டேன்னு சொன்னேன். தமிழ்ல சொன்னேன், அவர் அன்னைக்கு என்கிட்ட தமிழ்லதானே பேசினார்."

நூர் நின்றுவிட்டார். "நாங்க மலாய்க்காரங்க. அபாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது."

லிப்ட் வந்தது, கதவு திறந்தது, மூடிக்கொண்டது. நான் ஏறவில்லை. அந்தப் பெண் என்னைப் பொய்க்காரி என்று நினைத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கண்ணில் நீர் கோர்த்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அவர் குரல் எப்படி இருந்துச்சு? சொல்லுங்க. நான் கேட்டு ரொம்ப நாளாச்சு."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அரைமணி நேரம் பேசிய மனிதர், ஒவ்வொரு வார்த்தையும் இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன். ஆனால் கனத்த குரலா, மெல்லிய குரலா, கரகரப்பா, எதுவுமே எனக்குள் இல்லை. அன்று ராத்திரி யோசித்தேன், மறுநாள் யோசித்தேன், இப்போதும் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். வார்த்தைகள் இருக்கின்றன. நான் காதால் எதையாவது கேட்டேனா என்பதுதான் தெரியவில்லை.