பழகிப் பார்க்க ஒரு நோயாளி

பதுளை பஜாரில் என்னைத் தெரியாத கடைக்காரர் அந்த நாளில் கிடையாது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பஜாரில் மூட்டை தூக்கினேன். பிறகு மூட்டையை விலைக்கு வாங்கினேன். பிறகு வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றிவரச் சொந்த லொறி வாங்கினேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. பிரஜாவுரிமைக்கு அரசாங்கக் கச்சேரி கச்சேரியாக அலைந்து, வாங்கிக்கொண்டு வந்ததும் நானே. பெருமைக்குத்தான் சொல்கிறேன். எங்கள் லயத்து வழியில் நர்ஸ் படிப்புக்குப் போன முதல் பிள்ளை என் மகள். அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் அவளுக்குக் கடைசிப் பரீட்சை வந்தது. அதில் தேறினால்தான் நர்ஸ் என்று பதிவார்கள். எழுதுவது ஒரு பாதி. மறு பாதி, பரீட்சை எடுக்கிறவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க, ஓர் ஆளைக் கட்டிலில் கிடத்தி விசாரிக்கவேண்டும், உடம்பு துடைக்கவேண்டும், ஆளைக் கிடத்தியபடியே விரிப்பை மாற்றவேண்டும். இந்தப் பாதியில்தான் நிறையப் பிள்ளைகள் கோட்டைவிடுவார்களாம்.

மகளோடு இன்னும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் படித்தார்கள். ஒருத்தி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வாய்க்காரி. மற்றவள் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள், கேட்டால்தான் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியில் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பாடம் சிங்களத்தில் நடந்தது, புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, இவர்களுக்கு மனதில் இறங்குவது தமிழில். யாழ்ப்பாணத்துப் பிள்ளை புத்தகத்தை வாசிப்பாள். பஜாரில் வளர்ந்த என் மகள், வகுப்பில் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்ததைத் தமிழாக்குவாள். ஹல்துமுல்லைப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் திருப்பி ஒப்புவிப்பாள். ஊசி போட்டுப் பழக லொறியிலிருந்து கத்தரிக்காய் கொடுத்தேன். அந்த மாதம் முழுக்க நாங்கள் தின்றது தண்ணீர் ஊசி ஏற்றிய கத்தரிக்காய்க் கறி.

கட்டில் இல்லையே என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலின் உயரத்தை மகள் தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினாள். பழைய லொறிப் பலகையில் நானே அறுத்து, நானே அடித்துப் போட்டேன். எந்தத் தச்சனும் குறை சொல்லமாட்டான். அதுவரை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாய்தான்.

கட்டில் வந்தது. அதில் படுக்க ஆள் வேண்டுமே. என் மனைவியைக் கூப்பிட்டார்கள்.

"பகல்ல படுக்கிறதா? அடுப்புல பருப்பு கெடக்கு" என்றாள் அவள்.

"மாமி, பருப்பை நான் பாக்கிறன். நீங்கள் படுங்கோ" என்றாள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"ஒனக்குப் பருப்பு வேகவைக்கத் தெரியுமா? அதுவும் அந்தப் பொஸ்தகத்துல இருக்கா?"

மூன்று பேரும் சேர்ந்து பிடித்து ஏற்றிவிட்டார்கள். பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடை மாட்டியவள் என் மனைவி. கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு சேர்ந்து மூட்டை தைத்தவள். அவள் பாதத்தை இன்னொருத்தர் பிடித்துச் சுடுதண்ணீரில் துடைத்தது அதுதான் முதல் தடவை. கூசிச் சிரித்தாள். இரண்டாம் ஞாயிறு கூச்சம் போய்விட்டது. மூன்றாம் ஞாயிறு, பிள்ளைகள் வருமுன்னே பருப்பை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

நான் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"இப்ப நீங்க நோயாளி" என்று மகள் சொன்னாள். "என்ன செய்யுதுன்னு கேப்போம். எதையாச்சும் சொல்லும்மா."

"என்னத்தச் சொல்ல?"

"வாய்க்கு வந்தத."

கொஞ்சம் யோசித்தாள். "இடுப்பு வலிக்குது. ராத்திரியில கூடுது. ஒரு காலு மட்டும் கனக்குது."

"எப்ப தொடக்கம்?"

"பொங்கலுக்கு முந்தி இருந்து."

"சாப்பாடு?"

"எறங்க மாட்டேங்குது."

"மாமி, நல்லா நடிக்கிறியள்" என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை கை தட்டினாள். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார்கள், அவளும் தாழ்த்திச் சொன்னாள். பெண்கள் பேச்சு என்று நான் காது கொடுக்கவில்லை. மறுநாள் பஜாரில் எனக்குப் பழக்கமான முஸ்லிம் கடைக்காரரிடம், "நம்ம வீட்டம்மா சினிமாவுல இருக்க வேண்டியவ" என்றேன்.

"அப்ப ஒங்கள யாரு கட்டியிருப்பா?" என்றார் அவர்.

இப்படியே ஞாயிறுகள் போயின. பரீட்சை நெருங்கியது. ஒரு ஞாயிறு, விசாரிக்கிற முறை ஹல்துமுல்லைப் பிள்ளைக்கு வந்தது. கேள்வியைப் பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா, இன்னைக்கு வேற ஏதாச்சும் சொல்லுங்களேன். காய்ச்சல், இருமல், அந்த மாதிரி."

"எனக்கு இதான் வருது" என்றாள் என் மனைவி.

யாரும் சிரிக்கவில்லை. நான் எழுந்து தடுப்பு வழியாகப் பார்த்தேன். அந்தப் பிள்ளை என் மனைவியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். பிறகு கணுக்காலில் பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். ஒரு காலில் ஒன்றும் இல்லை. மற்றக் காலில் பிசைந்த மாவில் அழுத்தியதுபோலக் குழி அப்படியே நின்றது. என் மகள் புத்தகத்தை எடுத்தாள், பக்கம் தேடவில்லை. எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பாடம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அப்பா, லொறிக்குத் தண்ணி ஊத்திட்டீங்களா?" என்றாள் என்னைப் பார்த்து. வெளியே போ என்று அர்த்தம். போனேன்.

திரும்பி வரும்போது மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள். மகள் என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போய், அப்பனிடம் எந்தப் பெண்ணும் சொல்லாததைச் சொன்னாள். வயதானதால் நின்றுபோன மாத உதிரம் திரும்பப் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது, மாதக்கணக்காக. ஒளித்து ஒளித்துத் துணி துவைத்திருக்கிறாள்.

உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "சும்மா நடிச்சேன்டி."

"நடிச்சிருந்தா ஒவ்வொரு வாரமும் மாத்திச் சொல்லியிருப்ப" என்றாள் மகள்.

"சரி, இருக்கட்டும். மொதல்ல பரீட்ச முடியட்டும். அதுக்குப் பொறவு எங்க கூப்பிட்டாலும் வாறேன்."

"முடியாதும்மா. நாளைக்குப் போறோம்."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சாமானை இறக்காமலே லொறியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பேன். எந்த டாக்டர் வாசலிலும் போய் நிற்கிற தைரியம் எனக்கு இருந்தது, கையில் காசும் இருந்தது. அவள் சொல்லவில்லை. நோயாளியாக நடிக்கச் சொன்ன பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது. இதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்; ஓர் இடத்துக்கும் வந்து சேரவில்லை.

பதுளையில் பார்த்த டாக்டர், கர்ப்பப்பையில் புற்று, பிந்திவிட்டது என்றார். கொழும்பில் கரண்ட் வைத்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். போகவேண்டிய நாள் பரீட்சை வாரத்தில் விழுந்தது. பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் நிற்கலாம். மனைவியின் அக்காள் குடும்பம் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டது. மற்றச் சொந்தக்காரர்களுக்கு, தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சோறு இல்லை. மகள் தானே பெட்டி கட்டினாள்.

ரயிலில் மனைவி மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பண்டாரவளை தாண்டியது, தியத்தலாவை தாண்டியது, பேசவில்லை. ஹப்புத்தளையில் மகள் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னாங்க, அவள எறங்கச் சொல்லுங்க. இங்கருந்து பதுளைக்கு பஸ் இருக்கு."

மகள் ஜன்னலுக்கு வெளியே மூடிக்கிடந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் நகர்ந்துவிட்டது.

கரண்ட் வைத்தார்கள். முடி கொட்டவில்லை, ஆனால் தோல் கறுத்தது. வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். லொறிப் பலகைக் கட்டிலில் அவள் மழைக்காலம் முழுக்கக் கிடந்தாள். மகள் விடுப்பு வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். துடைத்தாள், புரட்டினாள், ஆளைக் கிடத்தியபடியே விரிப்பு மாற்றினாள். இத்தனை ஞாயிறு படுத்துக் கிடந்த என் மனைவிக்கு அந்த வேலை முழுக்க மனப்பாடமாகியிருந்தது.

"மொதல்ல கதவச் சாத்தணும். சாத்தல. மார்க் போச்சு" என்பாள். இன்னொரு நாள், "தண்ணி ஆறிப்போச்சு. அதுக்கும் போச்சு" என்பாள். மகள் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டு வந்து, முதலிலிருந்து தொடங்குவாள். மகளுக்குப் பரீட்சை போனதை என் மனைவி மன்னிக்கவில்லை. நர்ஸ் உடுப்பில் உன்னைப் பார்க்காமல் போறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அப்படியே போனாள்.

மற்ற இரண்டு பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஊர்ப்பக்கம் வேலைக்குப் போய்விட்டாள். என் மகள் அடுத்த தடவை எழுதினாள், தேறினாள், முதல் வரிசையில் தேறினாள். மூட்டை தூக்கியவன் மகள். அந்தப் பேச்சு பஜாரில் ரொம்ப நாள் நின்றது.

அந்தப் பரீட்சைக்கு முந்திய ஞாயிறு ஹல்துமுல்லைப் பிள்ளை, இப்போது முழு நர்ஸ், கூடப் பழக்கிவிட வந்தாள். இரண்டு பேரும் கட்டில் பக்கத்தில் நின்றார்கள்.

"பரவாயில்ல, தலகாணிய வச்சுப் பழகிக்கிறேன்" என்றாள் மகள்.

நான் சட்டையைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன். மூட்டை தூக்கிய உடம்பு. அந்தப் பலகை ஒரு சத்தம் போடவில்லை. மகள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"என்ன செய்யுதுங்க ஐயா?" பரீட்சையில் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஒண்ணும் செய்யல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"எத்தன நாளா நல்லா இருக்கீங்க?"

ஹல்துமுல்லைப் பிள்ளை சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் மகளின் பெருவிரல் என் கணுக்காலில் இருந்தது. அழுத்தி எடுத்து, குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மற்றக் காலைப் பிடித்தாள்.